பிரேக்கை மிதித்ததும் ஒரு ‘டொக்’

பிரேக் போடும்போது பிக்கப் வண்டி எழுப்பும் சத்தத்தைத் தமிழில் சொல்லும்போதே நோய் பாதி பிடிபட்டுவிடும். ‘கீச்’ என்றால் உரசும் பரப்பு அதிர்கிறது. ‘கரகர’ என்றால் லைனிங் தீர்ந்து இரும்பு இரும்பை அராவுகிறது. ‘கடகட’, ‘லொடலொட’ போன்ற இரட்டைக்கிளவிகள் சக்கரத்தின் சுற்றோடோ சாலையின் குலுக்கலோடோ சேர்ந்து திரும்பத் திரும்ப வருகிற சத்தத்துக்கு உரியவை. ‘டொக்’ ஒற்றைச் சொல். பெடலை மிதித்ததும் ஒரு தடவை கேட்கும். மிதித்தே வைத்திருந்தால் மறுபடி கேட்காது. சில வண்டிகளில் நிற்கப்போகும் கடைசி நொடியிலும் இன்னொன்று வரும். “அண்ணாச்சி, பிரேக்கப் போட்டா அடியில டொக்குன்னு கேக்கு” என்று டிரைவர் வந்து நின்றால், மெக்கானிக் முதலில் கேட்க வேண்டியது அது ‘டொக்’கா ‘டக் டக் டக்’கா என்பதைத்தான். இரண்டுக்கும் தேட வேண்டிய இடம் வேறு.

ஒற்றை ‘டொக்’ என்பது ஓர் இடைவெளி மூடிக்கொள்ளும் சத்தம். ஒன்றோடொன்று பொருத்திய எந்த இரண்டு உறுப்புக்கும் நடுவே சிறிதளவாவது இடம் இருக்கும்; பட்டறையில் அதற்கு ‘ஆட்டம்’ என்று பெயர். புது வண்டியில் அந்த ஆட்டத்தை ரப்பர் புஷ்ஷோ கிரீஸோ மெல்லிய எஃகுக் கிளிப்போ நிரப்பியிருக்கும். தேயத் தேய அது வெற்றிடமாகிறது. வண்டி ஓடும்போது விசை ஒரே திசையில் இருப்பதால் உறுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து பேசாமல் கிடக்கும். பிரேக் போட்டதும் விசையின் திசை மாறுகிறது. உறுப்பு அந்த வெற்றிடத்தைத் தாண்டிப் போய் எதிர்ச்சுவரில் முட்டுகிறது. வண்டியைத் தடுப்பது பிரேக். ஆனால் சத்தம் போடுவது பிரேக்காகவே இருக்க வேண்டும் என்பதில்லை. பெடலை மிதித்ததும் கேட்டது என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு பிரேக் பேடை மாற்றுகிறவர்கள் பணத்தைப் போட்டுவிட்டு அதே சத்தத்தோடு வீடு திரும்புவது இதனால்தான்.

இதைப் பெரிய அளவில் பார்க்க வேண்டுமென்றால் பங்குனித் தேரோட்டத்தில் பார்க்கலாம். தேர்ச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட்டதும் சக்கரம் மட்டுமே சட்டென்று நிற்கிறது. அச்சு, பீடம், மேலே உள்ள மரச்சட்டங்கள் ஒவ்வொன்றும் தத்தம் பொருத்துகளில் கொஞ்சம் முன்னால் நகர்ந்து, முட்டி, பிறகுதான் நிற்கும். தேர் முழுவதும் எழும் அந்த மரச் சத்தம் முட்டுக்கட்டையின் சத்தம் அல்ல. பிக்கப்பில் நடப்பதும் இதுவே; மரத்துக்குப் பதில் இரும்பு.

விசை எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். லோடோடு 2,500 கிலோ எடையுள்ள வண்டி. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி 3 மீட்டர். எடையின் மையம் தரையிலிருந்து 80 சென்டிமீட்டர் உயரத்தில். புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதி அளவுக்கு வேகம் குறையும்படி அழுத்திப் பிரேக் போட்டால், ஏறத்தாழ 330 கிலோ எடை பின் அச்சிலிருந்து முன் அச்சுக்கு மாறுகிறது. மூக்கு அமுங்கி வால் தூக்குவது இதன் வெளித்தோற்றம். அதே வண்டியில் வைக்கோல் ஏற்றி எடையின் மையம் 120 சென்டிமீட்டருக்கு உயர்ந்தால், மொத்த எடை கூடாமலே இந்த மாற்றம் 500 கிலோவாகிவிடும். இனி ஒரு முன்சக்கரத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், தரையில் அது கொடுக்கும் தடுப்பு விசை சுமார் 400 கிலோ. சக்கரத்தின் ஆரம் 33 சென்டிமீட்டர். டிஸ்க்கைப் பேட் பிடிக்கும் இடமோ மையத்திலிருந்து வெறும் 11 சென்டிமீட்டர் தள்ளி. நெம்புகோல் கணக்கில் விசை 3 மடங்காகிறது. அதாவது இரண்டு பேடும் சேர்ந்து தங்களைத் தாங்கும் சட்டத்தை 1,200 கிலோ விசையோடு தள்ளுகின்றன. அங்கே அரை மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தாலும் காதில் விழாமல் போகாது.

தென்காசி மாவட்டத்து ஆழ்வார்குறிச்சியில் இந்தச் சத்தத்துக்கு ஆளாகும் வண்டிகள் எவை என்று சொல்லவே வேண்டியதில்லை. 2005-ல் வந்ததும் ‘குட்டி யானை’ என்று ஊர் பேர் வைத்துவிட்ட டாடா ஏஸ், மஹிந்திரா பொலேரோ பிக்கப், 2011-ல் ஓசூரிலிருந்து வரத் தொடங்கிய அசோக் லேலண்ட் தோஸ்த். கார், பிசானம் என்று இரண்டு பூவிலும் நெல்மூட்டை. இடையில் வாழைத்தார், வைக்கோல், செங்கல், எலுமிச்சை மூட்டை. ஒரு நாள் பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தை. மறுநாள் தென்காசி, செங்கோட்டை வழியாகப் புளியரை ‘எஸ்’ வளைவில் ஏறி ஆரியங்காவு தாண்டிக் கேரளம். இன்னொரு நாள் சிவசைலம் பக்கத்துத் தோப்புக்குள் வரப்பை ஒட்டிய மண்பாதை. இந்த வண்டிகள் பெரும்பாலும் ஒரே அடிப்படையில் அமைந்தவை: ஏணி போன்ற சேஸ், பின்சக்கரத்துக்கு இழுவை, பின்னால் பட்டை ஸ்பிரிங், முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம் பிரேக். முன்பக்கம்தான் வேறுபடும். சிலவற்றில் அங்கேயும் பட்டை ஸ்பிரிங். சிலவற்றில் காரைப் போல ஆர்மும் பால் ஜாயின்டும். சேறு, மணல், ஆற்றுத் தண்ணீர், ஏற்றக்கூடாத அளவுக்கு ஏற்றிய லோடு எல்லாம் சேர்ந்து இந்தப் பொருத்துகளைத் தின்கின்றன.

வண்டிக்கு அடியில் படுப்பதற்கு முன்னால் வண்டிக்கு மேலே பார்ப்பது நல்லது. பிரேக் போட்டதும் நகர்வது எதுவானாலும் ‘டொக்’ போடும்: சீட்டுக்கு அடியில் கிடக்கும் ஜாக்கி, தொட்டியில் மறந்துவிட்ட கடப்பாரை, கொக்கி தேய்ந்த பின்கதவு, சேஸோடு தொட்டியைப் பிடிக்கும் போல்ட். இவற்றில் பெரிய ஏமாற்றுக்காரன் அடியில் தொங்கும் ஸ்டெப்னி. வேல்ஸ் நாட்டு லனெல்லி நகரில் 1904-ல் மாற்றுச் சக்கரம் செய்து விற்றவர்களின் கடை இருந்த தெருப் பெயர்தான் ஸ்டெப்னி. தெருவின் பெயர் சக்கரத்துக்கு ஆகி, சொந்த ஊரில் மறந்தும் போய், தமிழ்நாட்டில் இன்னும் புழங்குகிறது. அதைத் தூக்கிப் பிடிக்கும் சங்கிலியோ திருகோ தளர்ந்தால், 20 கிலோ எடை சேஸின் குறுக்குச் சட்டத்தில் ஒவ்வொரு பிரேக்குக்கும் ஒரு முறை இடிக்கும். காலால் எத்திப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

பாதி நிறைந்த தண்ணீர்த் தொட்டியை ஏற்றிய வண்டியில் வரும் சத்தம் தனி ரகம். மிதித்த கணத்தில் ஒன்றும் கேட்காது. தண்ணீர் முன்சுவரை எட்டிய பிறகு ஒரு ‘தொப்’, திரும்பிப் பின்சுவருக்குப் போய் இன்னொரு ‘தொப்’. இந்தத் தாமதமே அடையாளம். உலோகப் பொருத்து இப்படிக் காத்திருக்காது.

அடுத்ததாகச் சக்கர நட்டுகள். இந்தப் பட்டியலில் உயிருக்கு ஆபத்தானது இது என்பதால் மற்ற எதற்கும் முன்னால் ஸ்பேனர் போட்டு இறுக்கிப் பார்த்துவிட வேண்டும். பஞ்சர் ஒட்டிய மறுநாள் தொடங்கிய சத்தம் என்றால் வேறு காரணமே தேட வேண்டாம். நட்டைச் சுற்றித் துரு கோடு கோடாக வழிந்திருந்தாலோ, துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தாலோ அந்தச் சக்கரத்தோடு ஒரு கிலோமீட்டர்கூட ஓடக் கூடாது.

இவை எல்லாம் சரியாக இருந்தால் ஓட்டிப் பார்க்கும் சோதனை. ஆளில்லாத, சமமான, நேரான சாலைத் துண்டு போதும். வேகம் 15, 20 கிலோமீட்டருக்கு மேல் தேவையில்லை. குறைந்த வேகத்தில்தான் டயரின் இரைச்சலும் காற்றும் அடங்கி ‘டொக்’ துலங்கும். நான்கு கேள்விகளுக்கு விடை கிடைத்தால் தேடும் பரப்பு நாலில் ஒன்றாகச் சுருங்கிவிடும். முதலாவது, வண்டி கிளம்பும்போதும் அதே சத்தம் வருகிறதா? வந்தால் பேடும் ஷூவும் பெரும்பாலும் குற்றவாளிகள் அல்ல. இழுக்கும்போது அவற்றுக்கு வேலை இல்லை. இழுவையையும் தடுப்பையும் இரண்டையுமே தாங்குகிற உறுப்பு எதுவோ அதுதான். பட்டை ஸ்பிரிங்கின் கண், புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ், இன்ஜின் மவுன்டிங் ஆகியவை இந்த வகை.

இரண்டாவது, கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்த பிறகு பிரேக் போட்டால் சத்தம் மறைகிறதா? மறைந்தால் இன்ஜினுக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே விசை போகும் வழியில் எங்கோ ஆட்டம். மூன்றாவது, முன்னால் போகும்போது ஒரு முறை ‘டொக்’ என்று கேட்டு, அடுத்தடுத்த பிரேக்குகளில் கேட்காமல் இருந்து, ரிவர்ஸ் எடுத்து மிதித்ததும் மறுபடி கேட்கிறதா? அப்படியானால் டிஸ்க் பேட்தான் என்று பாதிக்கு மேல் உறுதி. நான்காவது, ஊர்ந்து போகும் வேகத்தில் கால் பிரேக்கைத் தொடாமல் ஹேண்ட் பிரேக்கை மெதுவாக இழுத்தால் வருகிறதா? இந்த வண்டிகளில் ஹேண்ட் பிரேக் கேபிள் வழியாகப் பின் டிரம்மை மட்டும் பிடிக்கிறது. ஆகவே அப்போதும் கேட்டால் முன்பக்கம் விடுதலை.

மலைப்பாதையில் சோதிப்பது வீண். புளியரை இறக்கத்தில் இரண்டாம் கியரில் இன்ஜின் பிடித்துக்கொண்டு வரும் வண்டியில் விசை ஏற்கெனவே தடுப்புத் திசையில்தான் இருக்கிறது. பின்பக்கத்து ஆட்டமெல்லாம் அந்தப் பக்கமாக மூடிக் கிடப்பதால், பிரேக் போட்டாலும் பெரும்பாலும் சத்தம் வராது. இறக்கத்தில் சத்தம் அடங்கியதைப் பார்த்து ‘தானா சரியாப் போச்சு’ என்று டிரைவர் நினைப்பதுண்டு. செங்கோட்டையில் முதல் வேகத்தடை வந்ததும் மறுபடி கேட்கும்.

முன் டிஸ்க்கில் ஏற்படும் ‘டொக்’ பெரும்பாலும் பழுது அல்ல, மறதி. பிரேக் பேடு, கேலிப்பர் சட்டத்தின் இரண்டு படிகளுக்கு நடுவே வழுக்கிப் போய்வர வேண்டும். அதற்காகவே இரு முனையிலும் சிறிய எஃகுக் கிளிப்புகள் இருக்கும். பேடைச் சட்டத்தோடு அணைத்துப் பிடிப்பதும், வழுக்க இடம் கொடுப்பதும் அவற்றின் வேலை. பழைய கிளிப் துருப்பிடித்து, பேடை மாற்றும்போது ஒடிந்துவிடும். அல்லது ‘இது எதுக்கு’ என்று கழற்றி ஓரமாக வைக்கப்படும். கிளிப் இல்லாத பேடு படியில் ஒரு மில்லிமீட்டர் வரை ஆடும். முன்னால் போகையில் பிரேக் போட்டால் டிஸ்க் அதை இழுத்து ஒரு படியில் மோதும். விட்ட பிறகும் அது அங்கேயே நிற்கும். அடுத்த பிரேக்கில் அதனால்தான் சத்தம் இல்லை. ரிவர்ஸில் டிஸ்க் மறுபக்கம் சுற்றும்போது எதிர்ப்படியில் மோதும். மூன்றாவது கேள்வியின் விளக்கம் இதுதான். குண்டும் குழியுமான சாலையில் இதே பேடு பிரேக் போடாதபோது ‘லொடலொட’ என்று ஆடி, பெடலில் காலை லேசாக வைத்ததும் அமைதியாகும். பிரேக் போட்டால் நிற்கும் சத்தம், பிரேக் போட்டால் வரும் சத்தம் இரண்டும் ஒரே கிளிப்பின் இல்லாமையால் வரலாம் என்பது புதியவர்களுக்கு நம்ப முடியாததாக இருக்கும்.

கேலிப்பர் வழுக்கும் பின்கள் அடுத்த இடம். ரப்பர் உறை கிழிந்தால் சேற்றுத் தண்ணீர் புகுந்து பின்னை அரிக்கும். ஒரு பின் இறுகிக்கொள்ள, மற்றொன்று தேய்ந்து ஆடும். சக்கரத்தைக் கழற்றிவிட்டுக் கேலிப்பரை இரு கையாலும் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் தெரியும். லேசான அசைவு இயல்பு; ‘டக்’ என்று கையில் இடித்தால் பின்னையோ அதன் புஷ்ஷையோ மாற்ற வேண்டும். பின்னுக்குப் போடும் கிரீஸ் சூட்டைத் தாங்கும் சிலிக்கோன் வகையாக இருக்க வேண்டும். சாதாரண சேஸ் கிரீஸ் ரப்பரை ஊத வைத்துப் பின்னை இறுக்கிவிடும். கேலிப்பரைப் பிடிக்கும் இரண்டு பெரிய போல்ட்டுகளில் ஒன்று தளர்ந்திருந்தால் கேலிப்பர் முழுவதுமே திரும்பும். அந்த ‘டொக்’ ஸ்டியரிங்கிலேயே கைக்குத் தெரியும் அளவுக்குக் கனமானது.

இங்கே ஒரு சிறு விலகல் பொருந்தும். ஆழ்வார்குறிச்சிக்கும் வண்டித் தொழிலுக்கும் உள்ள உறவு பட்டறையோடு நிற்பதில்லை. சென்னை சிம்ப்சன் நிறுவனத்தை வளர்த்து, 1938-ல் உருவான அமால்கமேஷன்ஸ் குழுமத்தின் பெயராக நிலைத்துவிட்ட எஸ். அனந்தராமகிருஷ்ணன் 1905-ல் இந்த ஊரில் பிறந்தவர். 1960-ல் தொடங்கிய டாஃபே டிராக்டர் அந்தக் குழுமத்தினுடையது. பிரிவதற்கு முந்தைய திருநெல்வேலி மாவட்டத்தின் தெற்கே திருக்குறுங்குடியில் பிறந்த டி.வி. சுந்தரம் ஐயங்காரின் டி.வி.எஸ். குடும்பம் லூகாஸோடு சேர்ந்து 1962-ல் தொடங்கியதுதான் பிரேக்ஸ் இந்தியா. நாட்டில் ஓடும் ஏராளமான வண்டிகளின் பிரேக் பாகங்கள் சென்னை பாடியிலிருந்து போகின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துப் பட்டறையில் பிரித்துப் பார்க்கும் கேலிப்பருக்கும் அந்த ஊர்களுக்கும் இப்படி ஒரு தாயாதி உறவு உண்டு.

பின் டிரம்மில் வரும் சத்தம் இன்னும் சுவையானது. டிரம்மின் உட்புறம் பள்ளம் விழுந்தால் அதை லேத்தில் போட்டுக் கடைவார்கள். அவசரத்தில் வேகமாகக் கடைந்தால் வெட்டுளி நகரும் தடம் டிரம்மின் உள்சுவரில் திருகாணியின் மரை போலச் சுழல் கோடாகப் பதிந்துவிடும். கண்ணுக்குப் பளபளவென்று இருக்கும்; விரல் நகத்தைக் குறுக்கே ஓட்டினால் நரநரவென்று தெரியும். வண்டி ஓடும்போது பிரேக் போட்டால் ஷூவின் லைனிங் அந்த மரையைப் பிடித்துக்கொண்டு, நட்டு போல்ட்டில் ஏறுவது போலப் பக்கவாட்டில் வெளிப்பக்கம் ஏறத் தொடங்கும். ஷூவைப் பின்தகட்டோடு பிடித்திருக்கும் சிறிய ஸ்பிரிங் ஒரு கட்டம் வரை இழுபடும், பிறகு வென்றுவிடும். ஷூ மரையிலிருந்து நழுவிப் பின்தகட்டில் ‘டக்’ என்று அடிக்கும். மறுபடி ஏறும், மறுபடி அடிக்கும். புது டிரம் வேலை முடிந்த அன்றே தொடங்கி, ‘டக்... டக்... டக்’ என்று வேகம் குறையக் குறைய இடைவெளி நீண்டுகொண்டே போகும் சத்தம் இதனுடையது. இதற்குப் புதுப் பாகம் ஒன்றும் வேண்டாம். டிரம்மின் உட்புறத்தை உப்புத்தாள் கொண்டு குறுக்கும் நெடுக்குமாகத் தேய்த்துச் சுழல் கோட்டை அழித்துவிட்டால் போதும். கடைபவர் கடைசி ஓட்டத்தை மெதுவாக ஓட்டியிருந்தால் அதுவும் தேவைப்பட்டிருக்காது.

மரை இல்லாமலும் ஷூ சத்தம் போடும். பின்தகட்டில் ஷூ அமரும் மேடுகள் சில இருக்கும். பல ஆண்டு உரசலில் அவற்றில் குழி விழும். ஷூ குழிக்குள் மாட்டிக்கொண்டு, பிரேக் அழுத்தம் கூடியதும் துள்ளி வெளியே வரும். அதுவே ஒரு ‘டொக்’. மேட்டை வெல்டிங் போட்டு நிரப்பிச் சமமாக அராவி, சூடு தாங்கும் கிரீஸை ஒரு பொட்டு வைப்பது வழக்கமான மருந்து. ஷூவிலிருந்து லைனிங் பெயர்ந்து ஆடுவதும், பிடிக்கும் பின் அறுந்து ஸ்பிரிங் டிரம்முக்குள் கிடப்பதும் உண்டு. டிரம்மைக் கழற்றும்போது உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது. பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருந்தது. மூச்சோடு நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. ஈரத்துணியால் துடைப்பதே சரி.

கார்த்திகை மழையில் ஹேண்ட் பிரேக் போட்டு இரவெல்லாம் நிறுத்திய வண்டி, காலையில் நகரும்போது ‘டொக்’ என்று ஒரு முறை உதறிக்கொண்டு கிளம்புவதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். லைனிங் டிரம்மோடு துருவால் ஒட்டியிருந்து விடுபடும் சத்தம் அது. அன்று மறுபடி வராது.

பட்டை ஸ்பிரிங்தான் இந்த வண்டிகளில் உண்மையான கனத்த ‘டொக்’கின் பிறப்பிடம். பின் அச்சைச் சேஸோடு இணைப்பது அந்த ஸ்பிரிங் ஒன்றே. எடையைத் தாங்குவதும் அது, இழுவையைக் கடத்துவதும் அது, தடுப்பை வாங்கிக்கொள்வதும் அது. பிரேக் போட்டதும் சக்கரத்தோடு சேர்ந்து பின் அச்சு நின்றுவிடப் பார்க்கிறது. சேஸோ முன்னால் போகப் பார்க்கிறது. ஸ்பிரிங்கின் முன்கண்ணில் உள்ள புஷ் இந்த இழுப்பை முழுவதுமாக வாங்குகிறது. அதே நேரத்தில் அச்சு, சக்கரம் சுற்றும் திசையிலேயே தானும் உருளப் பார்ப்பதால் ஸ்பிரிங் லேசாக ‘எஸ்’ எழுத்து போல முறுக்குகிறது. பின்கண்ணில் ஊஞ்சல் போல ஆடும் ஷேக்கிள், வால் தூக்கும்போது சாய்கிறது. இவற்றில் எந்தப் புஷ் தேய்ந்திருந்தாலும் சத்தம் தொட்டிக்கு அடியிலிருந்து வரும். கிளம்பும்போதும் வரும்.

சோதிக்கக் கடப்பாரை போதும். கண்ணுக்கும் அதைத் தாங்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே முனையை விட்டு நெம்பினால், நல்ல ரப்பர் புஷ் இழுபட்டுத் திரும்பும். தேய்ந்தது ‘டக்’ என்று நகரும். போல்ட்டைச் சுற்றிச் சிவந்த தூசி படிந்திருந்தால் இரும்பு இரும்போடு உரசி வெகுநாளாகிறது என்று பொருள்.

அச்சை ஸ்பிரிங்கோடு இறுக்கும் யூ போல்ட்டுகளும், பட்டைகளின் நடுவே போகும் சென்டர் போல்ட்டும் தனிக் கவனத்துக்கு உரியவை. சென்டர் போல்ட்டின் தலை அச்சின் மேடையில் உள்ள குழியில் அமர்ந்து அச்சை இடம் பெயராமல் நிறுத்துகிறது. யூ போல்ட் தளர்ந்தால் தடுப்பு விசை முழுவதும் அந்தச் சின்ன தலையின் மேல் விழும். ஒரு நாள் அது ஒடியும். ஒடிந்த பிறகு ஒவ்வொரு பிரேக்குக்கும் அச்சு ஒரு பக்கம் பின்னால் நகர்ந்து, கிளம்பும்போது முன்னால் வரும். சத்தத்தோடு வண்டி ஒரு பக்கம் இழுக்கவும் செய்யும். முன்சக்கர மையத்துக்கும் பின்சக்கர மையத்துக்கும் உள்ள தூரத்தை இடது பக்கமும் வலது பக்கமும் டேப் வைத்து அளந்தால் வித்தியாசம் பிடிபடும். இந்த நிலையில் வண்டியை லோடோடு ஓட்டுவது கூடவே கூடாது.

புரொப்பல்லர் ஷாஃப்ட் வேறு விதமாகப் பேசும். இதன் சத்தம் உலோகத்தன்மை கூடியது. ‘டொக்’ என்பதைவிட ‘டங்’ என்று சொல்லலாம். கிராஸின் ஊசி பேரிங் கிரீஸ் இல்லாமல் பொடிந்துவிட்டால், விசை திசை மாறும் ஒவ்வொரு முறையும் அடிக்கும். வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்துவிட்டு, ஷாஃப்ட்டைக் கையால் பிடித்து இடமும் வலமும் திருப்பினால் கிராஸில் ஆட்டம் தெரியும். அங்கே இல்லாமல் பின் அச்சின் ஹவுசிங்குக்குள் ‘டக்’ கேட்டால் கிரவுனுக்கும் பினியனுக்கும் இடையே உள்ள பல் இடைவெளி. அது கொஞ்சம் இருந்துதான் ஆக வேண்டும்.

நிற்கப்போகும் கடைசி நொடியில் வரும் ‘டங்’குக்கு ஷாஃப்ட்டின் வழுக்குப் பொருத்து காரணமாக இருக்கலாம். பின் அச்சு மேலும் கீழும் போகும்போது ஷாஃப்ட்டின் நீளம் மாற வேண்டும். அதற்காகப் பல்வரிசை கொண்ட ஒரு குழாய், இன்னொன்றின் மேல் வழுக்கும்படி அமைத்திருக்கிறார்கள். கிரீஸ் உலர்ந்தால் பிரேக் போடும்போது அச்சு மூக்கைக் கவிழ்க்கையில் குழாய் நகராமல் இறுகி நிற்கும். வண்டி நின்று, பிரேக்கின் முறுக்கு விடுபட்டு அச்சு பழைய நிலைக்குத் திரும்பும்போது ஒரே துள்ளலில் நழுவும். நியூட்ரலில் சோதித்தாலும் இது மறையாது என்பதை நினைவில் வைக்க வேண்டும். இதை உண்டாக்குவது இன்ஜினின் விசை அல்ல, அச்சின் அசைவு. நிப்பிளில் கிரீஸ் அடித்த அன்று சத்தம் நின்றால் நோயும் மருந்தும் ஒன்றாகவே தெரிந்துவிட்டது.

முன்பக்கத்தில் ஆர்ம் உள்ள வண்டி என்றால் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட்; முழு அச்சு உள்ள வண்டி என்றால் கிங்பின். பால் ஜாயின்ட் தேய்ந்த வண்டி பிரேக்கில் மட்டுமல்ல, பள்ளத்தில் இறங்கும்போதும் ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கும்போதும் சத்தம் போடும். ஜாக்கி போட்டுச் சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பிடித்து அசைத்துப் பார்த்த பிறகு, ஒருவர் உள்ளே பிரேக்கை மிதிக்க, மறுபடி அசைத்துப் பார்க்க வேண்டும். மிதித்ததும் ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங். மறையாவிட்டால் ஜாயின்ட் அல்லது கிங்பின். டிஸ்க்கைக் கேலிப்பர் பிடித்துக்கொள்ளும்போது பேரிங்கின் ஆட்டம் தெரியாமல் பூட்டிவிடும் என்பதுதான் இதன் சூட்சுமம்.

இவ்வளவு வழிகள் தேவைப்படுவதற்குக் காரணம், காது இந்த விஷயத்தில் நம்பத் தகுந்த சாட்சி அல்ல என்பதே. காற்றில் ஒலி நொடிக்கு சுமார் 340 மீட்டர் போகிறது. எஃகில் ஏறத்தாழ 5,000 மீட்டர். பின்பக்க ஷேக்கிளில் பிறந்த அடி ஏணிச் சேஸ் வழியாக மில்லி நொடிக்குள் கேபின் தரைக்கு வந்து, தகரத்தை அதிரச் செய்து, டிரைவரின் காலடியிலிருந்தே கிளம்பியது போலக் கேட்கும். அதனால் கேட்பதைவிடத் தொடுவது மேல். ஒருவர் வண்டியை ஓர் அடி முன்னாலும் ஓர் அடி பின்னாலும் நகர்த்திப் பிரேக் போட, இன்னொருவர் பக்கவாட்டில் நின்று, சக்கரத்தின் பாதைக்கு வெளியே இருந்தபடி, ஸ்பிரிங் பிராக்கெட்டிலும் ஷேக்கிளிலும் கை வைத்துப் பார்க்கலாம். அடி விழும் பொருத்தில் விரலுக்கு அது ஊசி குத்துவது போலத் தெரியும். இரண்டடி தள்ளிய இடத்தில் வெறும் நடுக்கமாகிவிடும். நகரும் வண்டிக்கு அடியில் மட்டும் எவரும் படுக்கக் கூடாது. கை எட்டாத இடத்தில், அச்சிலும் சேஸிலும் சாக்பீஸால் நேர்க்கோடு போட்டுவிட்டு நாலு முறை பிரேக் போட்டு வந்து, கோடு விலகியிருக்கிறதா என்று பார்க்கலாம்.

ஏ.பி.எஸ். உள்ள புது வண்டிகளில் இரண்டு சத்தங்கள் நோய் அல்ல. வழுக்கும் தரையில் அழுத்திப் பிரேக் போடும்போது பெடலுக்கு அடியில் வரும் ‘கடகட’ துடிப்பு ஒன்று. வண்டியைக் கிளப்பி முதல் முறை நகரும்போது அந்தக் கருவி தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் ஒற்றை ‘டக்’ இன்னொன்று.

தகுதிச் சான்றுக்காக எஃப்.சி.க்குப் போய் வந்த வண்டி என்பதால் இந்தச் சத்தத்தைப் புறக்கணிப்பதற்கில்லை. பிரேக் பிடிக்கிறதா என்பது ஒரு கேள்வி. பிடிக்கும் விசை போகும் வழி உறுதியாக இருக்கிறதா என்பது வேறு கேள்வி. கிளிப் இல்லாத பேடோடும் தேய்ந்த ஷேக்கிளோடும் வண்டி ஒழுங்காகவே நிற்கும். அவற்றை அடுத்த வேலை வரை தள்ளிப்போடலாம். சக்கர நட்டு, கேலிப்பர் போல்ட், சென்டர் போல்ட், பால் ஜாயின்ட் என்ற நான்கையும் தள்ளிப்போட முடியாது.

வேலை முடிந்த பிறகு முதலில் காலி வண்டியில், அடுத்து லோடோடு, அதே சாலைத் துண்டில் அதே வேகத்தில் நான்கு கேள்விகளையும் திரும்பக் கேட்டுப் பார்க்க வேண்டும். ரப்பர் புஷ் மாற்றியிருந்தால் அதன் போல்ட்டை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது இறுக்காமல், நான்கு சக்கரமும் தரையில் நின்று எடை ஸ்பிரிங்கில் விழுந்த பிறகு இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் புஷ் முறுக்கிய நிலையிலேயே பூட்டப்பட்டுச் சீக்கிரம் கிழியும். யூ போல்ட்டைக் கழற்றிப் பூட்டியிருந்தால், லோடு ஏற்றி ஓடிய சில நாட்களில் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து போல்ட் மறுபடி தளரும். அப்போது ஒரு முறை வந்து இறுக்கிக்கொண்டு போக வேண்டும்.